இடைவேளைக்குப் பிறகு மின்சாரம்

அறிவியல் வாத்தியார் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்த பத்தாம் வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டார்.

அன்றைய பாடம் நிலைமம். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கப் பார்க்கும், வேறு ஏதாவது வந்து நிறுத்தினால் ஒழிய. இதைப் புத்தகத்தில் இருந்தபடி சொல்லிப் பார்த்தார். தன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்தார். மேசையைத் தட்டியும் சொல்லிப் பார்த்தார். ஒரு தலையும் அசையவில்லை. அப்போது ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தில், கதாநாயகன் ரயில் கூரைமேல் நின்று சண்டை போடுவான். வில்லன் சங்கிலியைப் பிடித்து இழுப்பான். ரயில் கிரீச்சென்று நிற்கும். கதாநாயகன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று முடியைக் கோதிவிட்டுக்கொள்வான். வாத்தியாருக்கு அது ஞாபகம் வந்தது.

"நெஜத்துல என்னடா ஆகியிருக்கணும்?" என்று கேட்டார்.

வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. "எஞ்சினுக்கு முன்னாடி போய் விழுந்திருப்பான் சார்!" "விழுந்து, அதே ரயில்லயே அடிபட்டிருப்பான் சார்!" "அவன் முடி அவனுக்கு முன்னாலயே போயிருக்கும் சார், அது விக்கு!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கதாநாயகனைத் தூக்கி வீசினார்கள். சிரித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் நிலைமம் புரிந்துவிட்டது. வாத்தியார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சாயந்தரம் வீட்டுக்குப் போவதற்குள் அதை மறந்தும் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். பள்ளியில் சிரிப்புச் சத்தம் கேட்டால், யார் கீழே விழுந்தார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வழக்கம். யாரும் விழவில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் வந்து, ஜன்னல் ஓரமாக நின்று கேட்டார். பிள்ளைகள் பாடத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மேலிடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த மாதம் மேலிடத்துக்கு எழுத அவரிடம் வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

மேலிடத்தில் கல்வித் துறை புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தது. வெகுசனப் பண்பாட்டுவழிக் கற்பித்தல் பிரிவு என்று பெயர். அறை வந்துவிட்டது, பெயர்ப்பலகை வந்துவிட்டது, சுழல்கிற நாற்காலி வந்துவிட்டது. வேலை மட்டும்தான் வரவில்லை. தலைமையாசிரியையின் கடிதத்தைப் பார்த்ததும் பிரிவே எழுந்து நின்றது என்று பிற்பாடு சொன்னார்கள்.

அடுத்த வாரமே அந்தப் பிரிவின் இணைப்பு அதிகாரி வந்து இறங்கினார். ஆசிரியர்களை எல்லாம் ஓர் அறையில் உட்காரவைத்து, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேசினார்.

"மாணவன் எங்க இருக்கான்?" என்று ஆரம்பித்தார்.

கணக்கு டீச்சர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "மைதானத்துல சார். எங்க எல்லாரையும் இங்க கூப்பிட்டுட்டீங்களே" என்றார்.

"இல்லம்மா. மாணவன் சினிமால இருக்கான். பாட்டுல இருக்கான். செல்போன்ல இருக்கான். அவன் இருக்கற எடத்துக்கு நாம போகணும். போய், அவன அங்கேருந்து அப்புறப்படுத்தணும்." எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் தாழ்ப்பாள் திறக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு அதிகாரி அறிவியல் வாத்தியாரை எழுந்து நிற்கச் சொன்னார். முன்னோடி ஆசிரியர் என்று எழுதிய ஒரு வில்லையை அவர் சட்டையில் குத்தினார். ஊசி கொஞ்சம் உள்ளேயும் போனது.

"சார், அது அன்னிக்கு ஏதோ வாய்ல வந்துச்சு. திட்டம் போட்டெல்லாம் செய்யல" என்றார் வாத்தியார், நெஞ்சைத் தடவிக்கொண்டே.

"பாத்தீங்களா! இந்த இயல்பு இருக்கே, இயல்பு! இதைத்தான் எல்லாப் பள்ளியிலயும் கட்டாயமாக்கப் போறோம்."

வாத்தியார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

இனி எந்தப் பாடமாக இருந்தாலும் அதற்கு ஓர் அறிமுகக் காட்சி, ஒரு பாட்டு, ஓர் இடைவேளை, ஒரு கிளைமாக்ஸ் இருந்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சந்தேகங்களை மாணவர்கள் கிளைமாக்ஸ் முடிந்த பிறகே கேட்க வேண்டும். அறிமுகக் காட்சியில் ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்து மெதுவாகத் திரும்ப வேண்டும். முதல் நாள் அப்படி நுழைந்து, வாத்தியார் முன் பெஞ்சில் இடித்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளையின் மடியில் உட்காரப் போனார். வரலாற்று வாத்தியார் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர். அவர் குதிரையில் வருவதுபோலவே வந்தார்.

வாத்தியார் ரயில் காட்சியையாவது தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று எண்ணியிருந்தார். அனுமதி கேட்டபோது அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தப் படம் இப்பதானே சார் ஓடிக்கிட்டிருக்கு? இது நிக்குமா நிக்காதான்னு யாருக்குத் தெரியும்? ஒரு தலைமுறை போகட்டும். அப்புறம் பரிசீலனை பண்ணலாம்."

"பசங்களுக்குப் புடிச்சிருக்கு சார்."

"அதுதான் சார் பிரச்சனையே."

ஆக, எந்தப் பாடத்தைப் பாராட்டித் திட்டம் வந்ததோ அந்தப் பாடத்தைத் திட்டத்தின்கீழ் நடத்த வழியில்லாமல் போயிற்று. எந்தப் படம், எந்தப் பாட்டு என்று முடிவுசெய்ய ஒரு குழு இருந்தது. குழுவில் இருந்தவர்களெல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இன்றைய மாணவர்களைப் பிடித்து ஆட்டுகிற பாட்டுகள் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தவை எல்லாம், அந்த மாணவர்களின் தாத்தாக்கள் மீசை முளைத்த காலத்தில் வந்தவை. மாணவர்களைக் கேட்டீர்களா என்று கணக்கு டீச்சர் கேட்டதற்கு, "அவங்ககிட்ட கேட்டா பாரபட்சமா சொல்லுவாங்கம்மா" என்று பதில் வந்தது.

மின்சாரப் பாடத்துக்கென்று குழுவே ஒரு பாட்டு எழுதி அனுப்பியது.

*மின்தடையே மின்தடையே, என்னைத் தடுப்பதேன்?*
*ஓம் விதியைச் சொன்ன பின்னும் ஒதுங்க மறுப்பதேன்?*

இதை வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும். பாடினார். அவருக்குப் பாட வராது என்பது அவருக்கு முன்பே தெரியும். இப்போது பள்ளிக்கூடத்துக்கே தெரிந்தது.

பாட்டுகூடப் பரவாயில்லை. இடைவேளைதான் உயிரை வாங்கியது. பாடத்தின் உச்சக்கட்டத்தில், அடுத்து என்ன நடக்குமோ என்று மாணவன் தவிக்கும்போது நிறுத்த வேண்டும் என்பது விதி. மின்னோட்டம் பாட்டரியிலிருந்து புறப்படுகிறது. கம்பி வழியே வருகிறது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்துவிட்டது. எந்தப் பக்கம் போகும்? இடைவேளை. துறை வகுப்பில் மாட்டிக்கொடுத்த திரையில் பெரிய எழுத்தில் அந்த வார்த்தை விழும். கதவைத் திறந்துவிட்டாக வேண்டும். பிள்ளைகள் வராந்தாவில் போய் நின்று, தண்ணீர் குடித்து, ஒருத்தர் தலையில் ஒருத்தர் தட்டிவிட்டு, திரும்பி வந்து உட்காரும்போது பீரியடில் பாதி போயிருக்கும். மிச்சத்தில் பாட்டு. பாட்டு முடிந்ததும் கிளைமாக்ஸுக்கு ஏதாவது வெடிக்க வேண்டும். வெடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்த மின்னோட்டம் மாதக் கணக்கில் அந்த முக்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

"உங்க கரண்டாவது நிக்குது" என்றார் கணக்கு டீச்சர், ஆசிரியர் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு. "என் கதையக் கேளுங்க. எக்ஸ் யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லக் கூடாதாம். நேத்து ஒருத்தன் ரெண்டாவது வரியிலயே கண்டுபுடிச்சிட்டான். அவன வெளியில அனுப்புன்னு அதிகாரி சொல்றார். கதைய முன்னாடியே சொல்லிட்டானாம்."

பாடம் மாணவர்களைச் சென்றடைந்ததா என்று அளக்க விசில் ஏற்பாடாயிற்று. அறிமுகக் காட்சிக்கும் கிளைமாக்ஸுக்கும் வகுப்பு விசிலடிக்க வேண்டும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஊழியர் அதன் உரப்பை ஒரு கருவியில் குறித்துக்கொள்வார். விசிலடிக்க வராத பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்று பிரித்து, பள்ளி விட்ட பிறகு உடற்பயிற்சி வாத்தியாரிடம் தனி வகுப்புக்கு அனுப்பினார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சில பிள்ளைகளுக்கு உதடு வெடித்ததுதான் மிச்சம்.

இதில் பரிதாபம் என்னவென்றால், துறை தொட்டதெல்லாம் பிள்ளைகளுக்குக் கசந்துபோனது. காலையில் ஒரு ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தால் சாயந்தரத்துக்குள் அந்த ஆட்டத்தை ஊரில் ஒரு பிள்ளையும் ஆடாது. முன்பெல்லாம் வாத்தியார் வருவது தெரிந்தால் சினிமாப் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடம் பேசுவதுபோல் நடிப்பார்கள். இப்போது அவர் தலை தெரிந்ததும் பெஞ்சுக்கடியில் ஒளித்தது பாடப்புத்தகத்தை. ஒரு பையனை அவர் கையும் களவுமாகப் பிடித்தபோது, "சும்மா படம் மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன் சார்" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். மின்சுற்றுப் படம்.

வாத்தியாரின் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். வீட்டில் இஸ்திரிப்பெட்டியைக் கழற்றிப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிற ரகம். மின் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பொதுத் தேர்வில் அறிவியலுக்கு நல்ல மார்க் வந்தால்தான் அதில் சேர்ப்பார்கள். பொதுத் தேர்வை நடத்துகிற பிரிவு அதே கல்வித் துறையில், அதே கட்டடத்தில், எதிர் அறையில் இருந்தது. ஆனால் இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் பாட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் கேட்பதுபோல மின்சுற்றை வரைந்து விடை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இடைவேளையும் இல்லை, விசிலும் இல்லை.

முன்னோடி என்பதால் வாத்தியாரை மாலையிலும் விடுமுறை நாளிலும் மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பி முதுகைக் காட்டி நுழையச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும்.

"அப்பா, கரண்டு கடைசியில எந்தப் பக்கம்தான் போச்சு?" என்று ஒரு நாள் மகள் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும்மா."

"ரெண்டு பக்கமும்னா? பாதி பாதியாவா? ஒரு பக்கம் பல்ப் பெரிசா இருந்தா?"

வாத்தியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். மனைவி வந்து செருப்பைக் கழற்றினார். மறுநாள் காலையில் மகள் அவரை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"வகுப்புல கேக்கலாம்னா கிளைமாக்ஸுக்கு அப்புறம்தான் கேக்கணும்னு சொல்றீங்க. அதுக்குள்ள மணி அடிச்சிடுது. வீட்டுல கேக்கலாம்னா நீங்க தூங்கிடறீங்க. எனக்காச்சும் நீங்க அப்பா, என்னிக்காவது ஒரு நாள் புடிச்சிக்குவேன். என் பக்கத்துல உக்காந்திருக்கறவ என்னப்பா பண்ணுவா? தெனமும் அழறாப்பா அவ."

வாத்தியார் பையைக் கீழே வைத்தார். பரீட்சைக்குள் அந்த வகுப்புக்கு மின்சாரத்தை ஒழுங்காக நடத்தி முடித்துக் கொடுக்கிறேன் என்று அங்கேயே, வாசலிலேயே, மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அன்றைக்கே தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மேடம், எனக்கு இந்த முன்னோடிப் பட்டம் வேண்டாம். நான் பழையபடி பாடம் நடத்திட்டுப் போறேன்."

"சார், என்ன சார் நீங்க, குழந்தை மாதிரி? முன்னால போறவர் விலகிட்டா பின்னால வர்றவங்கல்லாம் யார் பின்னால வருவாங்க?" தலைமையாசிரியை வில்லையை எடுத்து அவரே திரும்பக் குத்திவிட்டார். "எனக்கும் இதெல்லாம் புரியல சார். ஆனா புரியலன்னு சொல்றதுக்கு இன்னும் உத்தரவு வரல."

சரி, நம்மால் முடியாது என்று காட்டிவிட்டால் அவர்களே விட்டுவிடுவார்கள் என்று வாத்தியார் கணக்குப் போட்டார். வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வந்த நாளில், வகுப்புக்குள் சாதாரணமாக நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து, பீரியடு முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பயந்துபோய் மூச்சுவிடவில்லை. மணி அடித்ததும் பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிகாரியின் கண் கலங்கியிருந்தது.

"பேசாத படம்! ஆதி காலத்துக்கே போயிட்டாரே மனுஷன்!"

அதற்கடுத்த வாரம் எல்லா ஆசிரியர்களும் வாரத்தில் ஒரு பீரியடு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கணக்கு டீச்சர் மட்டும் அவருக்கு நன்றி சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் அவருக்கு வழி கிடைத்தது. அதிகாரி மாநாட்டுக்குப் போயிருந்தார். விசில் அளக்கிற ஊழியருக்குக் காது வலி. திரையில் படம் காட்டுகிற கருவி புகைந்து நின்றுவிட்டது. வாத்தியார் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். ஜன்னல்களையும் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டரியையும் ரெண்டு சின்ன பல்புகளையும் கொஞ்சம் கம்பியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கையில் ஒரு சாக்பீஸ்.

"இப்பப் பாருங்க" என்றார்.

மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக பல்புகளைக் கோத்தார். ஒன்றைக் கழற்றினார். மற்றதும் அணைந்தது. பிறகு ஆளுக்கொரு பாதையாகப் பிரித்துக் கோத்தார். ஒன்றைக் கழற்றினார். மற்றது எரிந்தது.

"சார், அதைக் கழட்டினப்ப இது ஏன் அணையல?" என்று மகள் கேட்டாள். மாதக் கணக்காக முக்கில் நின்ற மின்னோட்டம் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தது. வாத்தியார் கரும்பலகையில் கோடு கோடாக வரைந்து, தப்பாகப் போனதை உள்ளங்கையால் அழித்து, மறுபடி வரைந்து பதில் சொன்னார். தினமும் அழுகிற அந்தப் பெண், "அட, இவ்வளவுதானா!" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் விசிலடிக்கவில்லை. வாத்தியாருக்கு அன்று இருந்த சந்தோஷம், அவருக்கு வேலை கிடைத்த நாளில்கூட இருந்ததில்லை.

மறுநாள் பிள்ளைகளே கதவைச் சாத்தினார்கள். அதற்கடுத்த நாள் பக்கத்து வகுப்பிலிருந்து ரெண்டு பேர் குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் வெளிப் பள்ளியிலிருந்தும் யாரோ வந்திருந்தார்கள், சட்டை நிறம் காட்டிக் கொடுத்தது. மாநாடு நீண்டுகொண்டே போனது கடவுள் புண்ணியம். தடையிலிருந்து மின்திறன்வரை வந்துவிட்டார்கள். வீட்டு மின்சுற்றும் ஃபியூஸும்தான் பாக்கி.

இதற்குள் எவனோ ஒருத்தன் பெஞ்சுக்கடியிலிருந்து செல்போனில் படம் எடுத்து வெளியில் விட்டிருந்தான். அதில் தெரிவதெல்லாம் இருட்டு, ஒரு சாக்பீஸ், வாத்தியாரின் கை. "இப்பப் பாருங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அது பள்ளிக்குப் பள்ளி தாவியது. ஊரில் பிள்ளைகள் எதைக் காட்டினாலும் "இப்பப் பாருங்க" என்று சொல்லிக் காட்டினார்கள். உள்ளங்கையால் காற்றை அழித்தார்கள்.

அது வாத்தியார் கண்ணிலும் பட்டது. அதிகாரியின் வண்டி பள்ளிக்குள் நுழைந்ததும், இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று தானே முன்னால் போனார். "ஆமா சார், வெறும் சாக்பீஸ வெச்சு நடத்தினேன். பாட்டு இல்ல, இடைவேளை இல்ல. என்ன நடவடிக்கை எடுக்கணுமோ எடுத்துக்குங்க." சொல்லி முடித்தபோது அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. வேலையிலிருந்து நிறுத்திவைத்தால் வீட்டிலேயே அந்த வகுப்பைக் கூப்பிட்டு வைத்து மிச்சத்தை முடித்துவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டார்.

அதிகாரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சார், எங்க விதியில வெகுசனப் பண்பாடுன்னா என்ன? பசங்க தாங்களா விரும்பி ஒருத்தருக்கொருத்தர் பரப்பிக்கறது எதுவோ அது. இந்த வருஷம் ஊர்ல அப்படிப் பரவினது எது? உங்க சாக்பீஸ்! சினிமாவே தோத்துப்போச்சு சார்! இனிமே இதுதான் திட்டம்."

"அப்ப... சும்மா பாடம் நடத்தலாமா சார்?"

"நடத்தலாமாவா? நடத்தியே ஆகணும். இதே பாடத்த. இதே மாதிரி."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் தலைமையாசிரியை.

மறைவாகக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எல்லாப் பள்ளிகளிலும் கதவையும் ஜன்னலையும் சாத்தி, அதிகாரிகளுக்குத் தெரியாமல் பாடம் நடத்த வேண்டும். தினமும் காலையில் முதல் பீரியடு. அதிகாரிகள் வந்து பார்வையிடுவார்கள். வரலாற்று வாத்தியார் குதிரையை விட்டு இறங்கி, சாக்பீஸோடு திருட்டு முழி முழிக்கப் பழகினார். பத்தாம் வகுப்பில் விளக்குகளும் காமிராவும் வந்து இறங்கின. முதலில் எடுத்ததைப்போலவே இருட்டாகத் தெரிய வேண்டும் என்று அறையில் அத்தனை விளக்கு போட்டார்கள். சாக்பீஸ் தூள் போதவில்லை என்று முகப்பவுடர் தூவினார்கள்.

அன்று நடந்ததையெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தினமும் பார்வையாளர்கள். தினமும் அதே ரெண்டு பல்பு. வாத்தியார் தப்பாக ஒரு கோடு போட வேண்டும், உள்ளங்கையால் அழிக்க வேண்டும். மகள் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அழுகிற பெண் "அட, இவ்வளவுதானா!" என்று சொல்லி வாயைப் பொத்த வேண்டும்.

"நீ புரிஞ்ச மாதிரி கேக்கறம்மா" என்று அதிகாரி மகளைக் கடிந்துகொண்டார். "அன்னிக்கு உன் முகத்துல ஒரு தவிப்பு இருந்துச்சாமே, அது எங்க? புரியாத முகம் வேணும் எனக்கு."

"எனக்குப் புரிஞ்சிடுச்சே சார்."

"அதெல்லாம் நீ பாத்துக்க."

அவளால் முடியவில்லை. புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள், வாயைப் பிளந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து என்றார். வாத்தியார் இரண்டொரு முறை, "சார், ஃபியூஸ் பாடம் பாக்கியிருக்கு, பரீட்சை வந்துடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். அது இன்னும் பரவவில்லையே சார் என்றார் அதிகாரி. கொஞ்ச நாளில் வாத்தியார் கேட்பதையும் விட்டுவிட்டார். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எப்போது காமிரா பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கே பழகிவிட்டது. வீட்டில் மனைவி தண்ணீர் கொடுத்தால்கூட, வாங்குவதற்கு முன் ஒரு நொடி அப்படியே நின்றார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் துறையின் இயக்குநரே வந்தார். பெரிய நாற்காலி போட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். வாத்தியார் கோத்த ரெண்டு பல்பும் எரிந்தன. ஒன்றைக் கழற்றினார். மற்றது எரிந்தது. மகள் கேட்க வேண்டிய இடம் வந்தது.

மகள் எழுந்து நின்றாள். பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனிப் பாதை, ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கரண்ட் எடுத்துக்குது, சரி. அப்ப பல்பு சேத்துக்கிட்டே போனா, எல்லாத்துக்குமா சேத்து வர்ற முதல் கம்பி என்ன ஆகும்? அது சூடாகாதா? எங்க போய் நிக்கும் சார் அது?"

யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்வி. ஃபியூஸ் என்கிற பாடத்தின் வாசலில் அவளாகவே வந்து நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாத்தியாருக்கு ஆயுளில் சில தடவைதான் இப்படி ஒரு கேள்வி வரும். அவருக்கு அது தெரிந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. மேசையில் கம்பி இருந்தது, பாட்டரி இருந்தது, பல்புகள் இருந்தன. இரண்டே நிமிஷத்தில் காட்டிவிடலாம்.

அவர் கண் அதிகாரி பக்கம் போயிற்று.

அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. இயக்குநர், தான் காமிராவுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வாத்தியாரைத் தடுக்க ஒருவரும் இல்லை.

"அது இன்னிக்கு வேண்டாம்மா" என்றார் வாத்தியார். "உன் கேள்வியக் கேளு."

மகள் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். புருவம் சுருங்கவில்லை, வாய் பிளக்கவில்லை. எதிரில் நிற்பது யார் என்றே தெரியாததுபோல அவள் முகம் மாறியது.

"இது! இந்த முகம்தாம்மா!" என்று அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இதைத்தானே நான் இத்தன நாளா கேட்டேன்!"

இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியார், பழகின இடத்தில் நின்று, பழகின பக்கம் திரும்பினார்.